எடை மிகக் குறைந்த குறைமாதக் குழந்தைக்கு இரத்தநாளம் வழியாக உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கோபி, அந்தியூர், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி என்று பல ஊர்களிலிருந்து குறைமாதக் குழந்தையோடு வந்து சேரும் குடும்பத்தினர் கண்ணாடிப் பெட்டியின் அருகே நின்று கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. வேலை நடுவில் ஓரிரு சொற்களில் பதில் சொல்லிவிட்டு நகர்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது என்பதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். 1,500 கிராமுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளைப் பற்றியே இங்கு பேசுகிறேன். அளவுகள் எல்லாம் பொதுவானவை. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை அதன் மருத்துவரே முடிவு செய்வார்.

ஏனுங்க சிஸ்டர், பொறந்ததுல இருந்து வாயில ஒண்ணுமே குடுக்கலீங்களே, குழந்தை பட்டினியா கெடக்குதுங்களா?

இல்லை. குழந்தைக்கு உணவு போய்க்கொண்டுதான் இருக்கிறது, வாய் வழியாகப் போகவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறன் கருவுற்ற 34 வாரங்களை ஒட்டித்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கைகூடுகிறது. அதற்கு முன்பே பிறந்த குழந்தையின் குடலும் உணவை மெதுவாகவே நகர்த்தும். முழு அளவுப் பாலை முதல் நாளிலேயே அதனால் தாங்க இயலாது.

தாயின் வயிற்றில் இருந்தபோதும் இக்குழந்தை வாயால் உண்ணவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். சர்க்கரையும் புரதக்கூறுகளும் நஞ்சுக்கொடி வழியாக நேரே அதன் இரத்தத்தில் கலந்தன. பிரசவத்தால் அறுந்துபோன அந்த வழியை, குடல் தயாராகும் வரை, நாங்கள் வேறொரு விதத்தில் தொடர்கிறோம்.

டிரிப்ஸ்னா வெறும் குளுக்கோஸ் தண்ணி தானுங்க? அதுல எப்படி ஒடம்பு தேறும்?

காய்ச்சலுக்கு ஏற்றும் டிரிப்ஸ் வேறு, இது வேறு. இரத்தநாளம் வழியாகவே முழு உணவும் கொடுப்பதை மருத்துவமனையில் நாங்கள் ஆங்கிலச் சுருக்கமாக டி.பி.என். என்று சொல்கிறோம். அதற்கான கலவையில் மாவுச்சத்துக்குக் குளுக்கோஸ், புரதத்துக்கு அமினோ அமிலங்கள், கொழுப்புக்கு லிப்பிட் என்னும் வெண்ணிறக் குழம்பு ஆகியவை இருக்கும். அவற்றோடு சோடியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம், வைட்டமின்கள், மற்றும் துத்தநாகம், தாமிரம், செலினியம் போன்ற நுண்சத்துகளும் தேவைக்கேற்பச் சேர்க்கப்படும். ஒவ்வொரு குழந்தைக்கும் அன்றைய எடையையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்து அன்றன்று கணக்கிடுகிறோம்.

900 கிராம் எடையுள்ள ஒரு குழந்தையின் முதல் நாள் கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 80 மில்லி என்று வைத்தால் ஒரு நாளைக்கு மொத்தத் திரவம் 72 மில்லி, அதாவது மணிக்கு 3 மில்லி. அதற்குள் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வேகத்தில் குளுக்கோஸ் கொடுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 7.8 கிராம் ஆகும். அதிலிருந்து சுமார் 26 கலோரி கிடைக்கும். அமினோ அமிலம் 1.8 கிராமில் சுமார் 7 கலோரி, கொழுப்பு 0.9 கிராமில் சுமார் 9 கலோரி. எல்லாம் சேர்ந்து 42 கலோரி, கிலோ கணக்கில் 47. முதல் நாளில் உடல் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்க இது போதும். வளர்வதற்கு இது போதாது என்பதால் அடுத்த சில நாட்களில் குளுக்கோஸையும் கொழுப்பையும் அமினோ அமிலத்தையும் படிப்படியாக உயர்த்தி, கிலோவுக்கு 90 முதல் 120 கலோரி வரை கொண்டுசெல்வோம்.

ரெண்டு நாள் பாத்துட்டு ஆரம்பிச்சா ஆகாதுங்களா? அவசரமா ஏனுங்க பண்ணணும்?

நிறைமாதக் குழந்தையாக இருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். அதன் தோலுக்கடியில் கொழுப்பும் ஈரலில் சர்க்கரையும் சேமிப்பாக இருக்கும். அச்சேமிப்பு பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட 1 கிலோ குழந்தையின் உடலில் உள்ள கொழுப்பு மிகவும் சொற்பம். எனவே வெறும் குளுக்கோஸ் நீரை மட்டும் ஏற்றினால் அது தன் தசையில் உள்ள புரதத்தையே உடைத்துச் செலவழிக்கத் தொடங்குகிறது. கிலோவுக்கு ஒரு கிராம் அளவுக்கு மேல் ஒரே நாளில் இழக்கக்கூடும்.

அமினோ அமிலத்தைச் சில நாட்கள் கழித்துத் தொடங்குவதே முன்பு பல இடங்களில் வழக்கமாக இருந்தது. இப்போது பிறந்த முதல் நாளிலேயே, இயன்றால் முதல் சில மணி நேரத்திலேயே, கிலோவுக்கு 1.5 கிராமுக்குக் குறையாமல் தொடங்குகிறோம். கொழுப்பையும் முதல் நாளிலோ, தவறினால் இரண்டாம் நாளிலோ தொடங்கிவிடுகிறோம். ஆகவே ஆம்புலன்ஸ் வந்து நின்றவுடன் நாங்கள் ஓடுவதைப் பார்த்து, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

ஒரு சிரிஞ்சுல வெள்ளையா பால் மாதிரி போகுதே, அது பாலுங்களா? அப்ப எம்பட பாலையே நரம்புல ஏத்தலாமில்லீங்களா?

அது பாலன்று. சோயா எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கி, முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த ஒரு பொருளின் துணையால் நீரோடு கலக்கச் செய்த குழம்பு அது. புதிய வகைகளில் ஆலிவ் எண்ணெய், தேங்காயிலிருந்தும் கிடைக்கும் ஒருவகை எளிய கொழுப்பு, மீன் எண்ணெய் ஆகியவையும் சேர்ந்திருக்கும். சுவீடனைச் சேர்ந்த ஆர்வித் ரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்தில் இத்தகைய குழம்பைப் பாதுகாப்பாகச் செய்துகாட்டிய பிறகுதான் இரத்தநாளம் வழியாகக் கொழுப்பு கொடுப்பது நடைமுறைக்கு வந்தது.

தாய்ப்பாலை ஒருபோதும் இரத்தநாளத்தில் ஏற்றக்கூடாது. ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இது தவறுதலாகவும் நடந்துவிடக்கூடாது என்பதற்காகவே பால் புகட்டும் சிரிஞ்சையும் குழாயையும் தனியாகவும் வேறு நிறத்திலும் வைத்திருக்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கியவர்கள் பலர் உண்டு. தயங்க வேண்டாம், மிக நல்ல கேள்வி.

பாட்டிலையும் குழாயையும் ஏனுங்க மூடி மூடி வெச்சிருக்கீங்க?

வெளிச்சம் பட்டால், குறிப்பாக மஞ்சள்காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் ஒளி பட்டால், கொழுப்பிலும் வைட்டமினிலும் குழந்தைக்குக் கேடு செய்யும் பெராக்சைடுகள் உருவாகும். உறையை விலக்கிப் பார்க்காதீர்கள்.

கையில ஊசி போடாம தொப்புள்ல ஏனுங்க குழாய் வெச்சிருக்கீங்க? வலிக்காதுங்களா?

முன்பு சொன்ன கலவை அடர்த்தியானது. கையிலோ காலிலோ உள்ள சிறிய இரத்தநாளத்தில் அதை ஏற்றினால் நாளம் வெந்ததுபோல் ஆகி, கலவை வெளியே கசிந்து, தோல் புண்ணாகிவிடும். பெரிய நாளத்தில் விட்டால் வேகமாக ஓடும் இரத்தத்தில் அது உடனே கலந்து நீர்த்துவிடும். தொப்புள்கொடியில் உள்ள சிரை பிறந்த முதல் சில நாட்கள் திறந்திருப்பதால் அதன் வழியே இதயத்துக்கு அருகே வரை மெல்லிய குழாயைச் செலுத்துகிறோம். தாயிடமிருந்து உணவு வந்துகொண்டிருந்ததும் இதே சிரையின் வழியாகத்தான். கொடியில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் குழாய் செலுத்தும்போது அவ்விடத்தில் வலிக்காது. முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்கிறோம்.

தொப்புள் குழாயை நெடுநாள் வைக்க இயலாது. ஒரு வாரத்தை ஒட்டி அதை எடுத்துவிட்டு, தேவை தொடர்ந்தால் கை அல்லது கால் வழியாகப் பெரிய நாளத்துக்குச் செல்லும் பிக் லைன் என்னும் நீண்ட மெல்லிய குழாயை வைப்போம். அதில் மிக மெல்லிய வகையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான், தையல் நூலைப் போல இருக்கும். சில நாட்களுக்கு மட்டும் போதுமென்றால் நீர்த்த கலவையைச் சாதாரண ஊசி வழியாகவே கொடுப்பதுண்டு. அப்போது குழந்தையின் கை கால் வீங்கியோ வெளுத்தோ சிவந்தோ தெரிந்தால் உடனே எங்களை அழையுங்கள். பம்ப் ஒலி எழுப்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

கோயில்ல கட்டுன கயிறுங்க, அவுக்கக் கூடாதுங்க. கை கழுவுனா போதாதுங்களா?

இந்தக் குழாய் இதயத்துக்கு அருகே முடிகிறது. அதன் வழியே ஒரு கிருமி நுழைந்தால் நேரே இரத்தத்துக்குத்தான் போகும். டி.பி.என். பெறும் குழந்தைக்கு மிகப் பெரிய ஆபத்தே இந்தத் தொற்றுதான். நாங்கள் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கையுறை அணிவதும், இணைப்பைக் கிருமிநாசினியால் தேய்ப்பதும், தேவையின்றித் திறக்காமல் இருப்பதும் இதனால்தான். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், கயிறு ஆகியவற்றுக்கு அடியில் சோப்பு சென்று சேராது. கயிற்றின் ஈரமே கிருமிக்கு இடம் கொடுக்கும். முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லாமல்தான் குழந்தையைத் தொட வேண்டும்.

நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை. கயிற்றைக் கழற்றித் தாலியோடு சேர்த்து முடிந்துகொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள். திருநீற்றைப் பெட்டிக்குள் இட வேண்டாம், சிறு உறையில் வைத்து வெளிப்பக்கம் ஒட்டிவைக்கலாம். நானே ஒட்டிக் கொடுக்கிறேன்.

தெனமும் ரத்தம் எடுக்கறீங்களே, இருக்கறதே கொஞ்சூண்டு ரத்தம் தானுங்க?

உண்மைதான், அதனால் ஒவ்வொரு துளியையும் யோசித்தே எடுக்கிறோம். உண்ணும் குழந்தையின் குடல் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும். இரத்தத்தில் நேரே கொடுக்கும்போது அந்தத் தடுப்பு இல்லை. கூடினாலும் குறைந்தாலும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் அளவு 180ஐத் திரும்பத் திரும்பத் தாண்டினால் வேகத்தைக் குறைப்போம், சில வேளை இன்சுலின் தேவைப்படும். இரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு 265ஐத் தாண்டினால் லிப்பிட்டைக் குறைப்போம்.

பாஸ்பரஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புரதம் கிடைக்கத் தொடங்கியவுடன் குழந்தையின் செல்கள் விரைந்து வளர்ந்து, இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் உள்ளிழுத்துக்கொள்கின்றன. வயிற்றிலேயே சரியாக வளராமல் பிறந்த குழந்தைகளில் இது இன்னும் கூடுதலாக நிகழும். கவனிக்காவிட்டால் மூச்சுத் தசைகள் தளரும், நாளடைவில் எலும்பும் நலியும். எனவேதான் முதல் வாரத்தில் அடிக்கடி பார்க்கிறோம். நிலைப்பட்ட பிறகு பரிசோதனைகள் குறையும்.

இத்தனை சத்து ஏத்தியும் எடை கொறஞ்சிருச்சுங்களே?

முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. உடலில் தேங்கியிருந்த நீர் வெளியேறுவதும், மெல்லிய தோல் வழியே ஈரம் ஆவியாவதும் அதற்குக் காரணங்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிடும். அதன் பின் கிலோவுக்கு நாளுக்கு 15 முதல் 20 கிராம் கூட வேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. ஒரு நாள் எடையைப் பார்த்து மகிழவோ கலங்கவோ வேண்டாம், ஒரு வாரத்தின் போக்கைக் கேளுங்கள்.

எல்லாமே நரம்புல போகுதுன்னா எம்பட பால் இப்ப தேவையில்லீங்க தானே? வீட்டுக்குப் போயிட்டு அப்பறமா வரட்டுங்களா?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லாவற்றையும்விட அழுத்தமாக விடை சொல்ல விரும்புகிறேன். உங்கள் பால் இன்றே, இப்போதே தேவை. இரத்தநாளம் வழி உணவு குழந்தையைக் காக்கிறது, ஆனால் குடலை வளர்ப்பதில்லை. உணவே வராத குடலின் உட்சுவர் மெலிந்துபோகும். அதனால் டி.பி.என். தொடங்கும் அன்றோ மறுநாளோ, மூக்கு அல்லது வாய் வழிக் குழாயில் நாளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குகிறோம். 900 கிராம் குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 1 மில்லி. அந்த 1 மில்லியை அற்பமென்று எண்ணாதீர்கள். குடல் அதைத் தாங்குவதைப் பார்த்து நாளுக்கு 20 முதல் 30 மில்லி வரை கிலோ கணக்கில் கூட்டிக்கொண்டே போவோம். அந்த அளவுக்கு டி.பி.என். குறையும். பால் கிலோவுக்கு 100 முதல் 120 மில்லியை எட்டியதும் டி.பி.என்னை நிறுத்திக் குழாயையும் எடுத்துவிடலாம். முன்பு சொன்ன தொற்று ஆபத்து அன்றோடு தீரும். ஆக, அந்தக் குழாயை எடுக்கவைப்பது உங்கள் பால்தான்.

பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையேனும் எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் நாள் சில துளிகளே வரும், அதுவே இயல்பு. நீங்கள் தாராபுரத்து மருத்துவமனையில் படுத்திருக்க, குழந்தை கோவையில் இருந்தாலும் வழி உண்டு. கொதிக்கவைத்த மூடியுள்ள சிறு பாத்திரத்தில் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ் கட்டிகள் நிறைந்த பிளாஸ்கிலோ பெட்டியிலோ வைத்து, வரும் உறவினரிடம் கொடுத்தனுப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணத்தில், அதுவும் சித்திரை வெயிலில், ஐஸ் இல்லாமல் அனுப்பிய பாலைக் கொட்டத்தான் நேரும். அதைக் கொட்டும்போது எங்களுக்கும் மனம் வேகும்.

உங்களுக்குப் பால் வரும்வரை தானமாகப் பெற்ற தாய்ப்பாலைக் கேட்கலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி உள்ளது. அங்கு பெறப்படும் பால், கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் பதப்படுத்திய பின்னரே வழங்கப்படும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கியது. இது புதிதோ சோதனை முயற்சியோ அன்று.

எங்கம்மா சேனை வெக்கோணும்ங்கறாங்க. ஒரு துளி தேன், சக்கரத் தண்ணி, அதனால என்னங்க ஆகும்?

பேரனுக்கோ பேத்திக்கோ முதல் சுவையைத் தன் கையால் தர வேண்டும் என்ற அமுச்சியின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் இந்தக் குழந்தைக்கு அது கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் நஞ்சாகலாம். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் விரலும் மெல்லிய குடலுக்குள் கிருமியைக் கொண்டுசேர்க்கும். அதற்கு ஈடாக, தாயின் சீம்பாலில் சில துளிகளைக் கன்னத்தின் உட்புறத்தில் நாங்களே தடவுகிறோம். அமுச்சி கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்க்கலாம். வரும் நேரத்தை முன்கூட்டிச் சொன்னால் அந்த நேரத்துக்கே வைத்துக்கொள்வோம்.

நேத்து 5 மில்லி பால் குடுத்தீங்க, இன்னிக்கு நிறுத்திட்டு மறுபடியும் டிரிப்ஸ்ங்கறீங்க. மோசமாயிருச்சுங்களா?

வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கலந்தாலோ குடல் அழற்சி நோயாக இருக்கலாம் என்று ஐயப்பட்டுப் பாலை நிறுத்துவோம். குறைமாதக் குழந்தைகளில் இந்நோய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் ஐயத்தின்பேரிலேயே நிறுத்துகிறோம். பல குழந்தைகளில் ஐயம் ஓரிரு நாளில் நீங்கிவிடும். உறுதியானால் குடலுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓய்வு தேவை. அவ்வளவு நாளும் குழந்தையை வளர்ப்பது டி.பி.என். மட்டுமே. இந்நோய் தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்குப் பால்மாவு பெறுவோரைவிடக் குறைவாகவே வருகிறது. எனவே நிறுத்திய நாட்களிலும் பால் எடுப்பதை விடாதீர்கள், எடுத்ததை உறைய வைத்துப் பிறகு பயன்படுத்தலாம்.

மூணு வாரமாச்சுங்க, மறுபடியும் மஞ்சக்காமாலைங்கறாங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கலாங்களா?

முதல் வாரத்தில் வந்து நீல விளக்கால் தணிந்த காமாலை வேறு, இது வேறு. டி.பி.என். இரண்டு வாரங்களைத் தாண்டித் தொடரும்போது, குடலில் உணவு ஓடாததாலும், சோயா எண்ணெயில் உள்ள சில தாவரப் பொருள்களாலும், தொற்றுகளாலும் ஈரலிலிருந்து பித்தநீர் வடிவது தடைபடலாம். நீல விளக்கு இதற்குப் பயன்படாது. கீழாநெல்லி உட்பட எதையும் நீங்களாகக் கொடுக்கக்கூடாது.

இதற்குச் சிறந்த மருந்து, இயன்ற அளவு பாலைக் குடல் வழியே கொடுப்பதுதான். அதோடு லிப்பிட்டின் வகையை மாற்றுவோம். மீன் எண்ணெய் கலந்தது பல குழந்தைகளுக்கு உதவுகிறது. முழுப் பாலுக்கு வந்தபின் பெரும்பாலான குழந்தைகளில் இது சில வாரங்களில் வடிந்துவிடும். மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் மட்டும் வேறு காரணங்களையும் தேட வேண்டும். அந்நிறத்தைக் கண்டால் உடனே சொல்லுங்கள்.

நாங்க சுத்த சைவமுங்க. முட்டையும் மீனும்னு சொல்றீங்களே?

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கு பயன்பாட்டில் உள்ள லிப்பிட் குழம்புகளில், சோயா எண்ணெய் மட்டும் உள்ளவை உட்பட, முட்டையிலிருந்து பெறப்பட்ட பொருள் இருக்கிறது. மீன் எண்ணெய் வேண்டாம் என்றால் அதைச் சொல்லுங்கள். மருத்துவ நிலை இடங்கொடுத்தால் சோயா வகையையே தொடரலாம். கொழுப்பையே நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். மூளைக்கும் கண்ணுக்கும் இன்றியமையாத கொழுப்பு அமிலங்களை உடல் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, சில நாட்களிலேயே குறைபாடு தொடங்கிவிடும்.

நெட்டுல படிச்சேனுங்க, டி.பி.என். ஒரு வாரம் தள்ளிப் போட்டாதான் நல்லதுன்னு ஒரு ஆராய்ச்சி சொல்லுது. நீங்க மொத நாளே ஆரம்பிக்கறீங்களே?

நீங்கள் படித்தது 2016இல் வெளிவந்த பெபானிக் என்னும் ஆய்வாக இருக்கும். பெல்ஜியம், நெதர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் தீவிர சிகிச்சையில் இருந்த 1,440 குழந்தைகளிடம் அது நடத்தப்பட்டது. இரத்தநாளம் வழி உணவை ஒரு வாரம் நிறுத்தி வைத்தவர்களுக்குத் தொற்று குறைவாகவே வந்தது. நல்ல ஆய்வு, அதன் முடிவையும் யாரும் ஒதுக்கிவிடவில்லை.

ஆனால் அதில் இருந்தவர்கள் நிறைமாதத்தில் பிறந்த பச்சிளங்குழந்தைகளிலிருந்து பதினேழு வயதினர் வரை. குறைமாதக் குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. ரெண்டு நாள் பொறுக்கலாமா என்ற கேள்விக்குச் சொன்ன விடையை இங்கே பொருத்திப் பாருங்கள். அவர்களிடம் சேமிப்பு இருந்தது, உங்கள் 900 கிராம் குழந்தையிடம் இல்லை. 2018இல் வெளியான ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல்களும் இந்த வேறுபாட்டைக் கருதியே, குறைமாதக் குழந்தைகளுக்கு அமினோ அமிலத்தை முதல் நாளிலேயே தொடங்கச் சொல்கின்றன. நிறைமாதத்தில் பிறந்து வேறு நோயால் எங்கள் பிரிவுக்கு வரும் குழந்தைக்கு நாங்களும் அவசரப்படுவதில்லை. பக்கத்துப் பெட்டிக் குழந்தைக்கு ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று நீங்கள் கேட்டால், பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.